பொன்னாடையும் மருந்துச் சீட்டும்

1997, ஜூலை மாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கான்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு விழா. மேடையில் நின்றுகொண்டிருந்தவர் பெயர் மைக் வெப்ஸ்டர். வயது 45. அன்றைக்கு அவர்தான் விழா நாயகர்களில் ஒருவர். தங்க நிறத்தில் ஒரு கோட், விரலுக்கு ஒரு மோதிரம், அவரது தலையை அப்படியே வெண்கலத்தில் வார்த்த ஒரு சிலை. ஆட்டக்காரராகப் பிறந்த ஒருவருக்கு அந்த தேசத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது.

பேசச் சொன்னார்கள். ஒருவருக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. வெப்ஸ்டர் அதைத் தாண்டி இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். எங்கோ தொடங்கி எங்கோ போனார். பாதியில் விட்ட வாக்கியத்தை எடுக்க மறந்து அடுத்ததற்குத் தாவினார். கூட்டம் அன்போடு கேட்டுக்கொண்டிருந்தது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், பாவம் என்று நினைத்திருப்பார்கள்.

விழா முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். வெப்ஸ்டருக்குப் போவதற்கு நிலையான வீடு என்று ஒன்று இல்லை. ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பல இரவுகள் அதில்தான் தூக்கம். சில இரவுகள் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில்.

இவர் பிழைக்கத் தெரியாதவர், குடித்தே அழித்தார், சூதாடித் தொலைத்தார் என்றெல்லாம் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விஷயம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறதே தவிர, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தே தேங்காய் மாதிரி நீள்வட்டம். தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு பீரோ கனத்துக்கு வந்து நிற்பார்கள். பந்தை வைத்திருப்பவன் முன்னேற வேண்டும். மற்றவர்கள் மோதி வீழ்த்த வேண்டும். சுருக்கமாக அவ்வளவுதான்.

இதில் வெப்ஸ்டரின் இடம், சென்டர். குனிந்து, தரையில் இருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்பவரிடம் தரவேண்டும். தந்த அதே விநாடி, எதிரே பாய்ந்து வருகிற ஆளை முட்டித் தடுக்கவேண்டும். முட்டுவது எதனால்? பெரும்பாலும் தலையால். ஒரு ஆட்டத்தில் எத்தனையோ முறை. பயிற்சி தினங்களில் அதைவிட அதிகம். இப்படிப் பதினேழு சீசன்கள் ஆடியவர் வெப்ஸ்டர். பதினைந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு, கடைசி இரண்டு கான்ஸஸ் சிட்டிக்கு. அவர் இருந்த காலத்தில் ஸ்டீலர்ஸ் நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்றது. விழா மேடையிலேயே அவரது பழைய சகா டெர்ரி பிராட்ஷா, ஞாபகார்த்தமாக ஒருமுறை குனிந்து பந்தைக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஓய்வு பெற்ற சில வருடங்களிலேயே ஞாபகம் போக ஆரம்பித்தது. பழகிய தெருவில் வழி தெரியவில்லை. உடம்பெல்லாம் வலி. தூங்குவதற்காகத் தனக்குத்தானே மின் அதிர்ச்சித் துப்பாக்கியால் ஷாக் கொடுத்துக்கொண்டார். விழுந்த பல்லை ஃபெவிக்விக் மாதிரியான ஒரு பசையால் ஒட்டிக்கொண்டார். குடும்பம் சிதறியது. மிச்சமிருந்தது புகழ் ஒன்றுதான்.

கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பொன்னாடை போர்த்திய கை, மருந்துச் சீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டுமா, வேண்டாமா? ஏற்பது என்றால் யாருக்கெல்லாம்? அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிற சண்டை இது.

*

கான்டன் நகரத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் ரொம்பப் பழைய பந்தம். 1920 செப்டம்பரில், அங்கே ஒரு கார் ஷோரூமில் சில அணிகளின் முதலாளிகள் கூடிப் பேசித்தான், பின்னாளில் என்.எஃப்.எல். என்று உலகம் அறிந்த தொழில்முறை அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவராக ஜிம் தோர்ப்பை உட்காரவைத்தார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கிய அதே தோர்ப். நிர்வாகம் பார்ப்பதற்காக அல்ல. அந்தப் பெயருக்குக் கூட்டம் வரும், அதற்காக.

1963 செப்டம்பரில் அதே கான்டனில் புகழ் மண்டபம் திறக்கப்பட்டது. அமெரிக்கர்கள் பாஷையில் ஹால் ஆஃப் ஃபேம். ஊர்க்காரர்கள் வசூல் செய்து கொடுத்த பணமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. முதல் தவணையில் 17 பேருக்கு இடம். தோர்ப் அதில் ஒருவர். உள்ளே நுழைந்ததும் வரவேற்பதே அவருடைய ஏழடி உயர வெண்கலச் சிலைதான்.

அந்தத் தோர்ப் எப்படி இறந்தார் தெரியுமா? கூலி வேலை பார்த்தார். சினிமாவில் துண்டு வேஷங்கள் போட்டார். 1951-ல் உதட்டில் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்குக் கையில் காசில்லை. தர்மக் கணக்கில்தான் வைத்தியம் பார்த்தார்கள். 1953-ல் போய்ச் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து, சிலை.

ஆக, மண்டபத்தின் வாசலிலேயே இந்தப் பிரச்னை ஏழடி உயரத்துக்கு நிற்கிறது. கவனித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

புகழ் மண்டபத்துக்குள் போவது லேசில்லை. ஓய்வு பெற்று ஐந்து வருடமாவது ஆகவேண்டும். தேர்வுக் குழுவில் ஏறத்தாழ ஐம்பது பேர். பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். இதுவரை அந்த லீகில் ஆடியவர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் என்றால், மண்டபத்தில் இருப்பவர்கள், பயிற்சியாளர்கள், முதலாளிகள் எல்லாம் சேர்த்து நானூறைத் தொடவில்லை.

இதில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் மைதானத்தில் என்ன செய்தார் என்பதை மட்டுமே பார்க்கவேண்டும். வெளியே எப்படி வாழ்ந்தார் என்று பார்க்கக் கூடாது. 1985-ல் மண்டபத்துக்குள் போன ஓ.ஜே. சிம்ப்ஸன் பிற்பாடு கொலை வழக்கில் சிக்கி 1995-ல் விடுதலையானார். 2008-ல் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று ஜெயிலுக்கே போனார். 2024-ல் இறந்தும் விட்டார். சிலையை யாரும் அசைக்கவில்லை. விதி அப்படி.

நல்ல விதிதான். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்ததா? ஜான் மேக்கியின் கதையைக் கேட்டால் சந்தேகம் வரும்.

*

மேக்கி, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் டைட் எண்ட். சட்டை எண் 88. முட்டித் தடுப்பதற்கென்றே இருந்த இடம் அது. அங்கிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, துரத்துகிறவர்களை உதறிவிட்டு ஓடிக் காட்டியவர் இவர். 1971 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில், பல கைகள் தட்டிவிட்ட பந்தைப் பிடித்து 75 கஜம் ஓடிப் புள்ளி எடுத்தது இன்றைக்கும் பேசப்படுகிறது.

ஆனால் முதலாளிகளுக்கு இவர் மேல் கோபம் வரக் காரணம் அந்த ஓட்டமல்ல. 1970-ல் வீரர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். ஆன கையோடு ஒரு வேலை நிறுத்தம். பென்ஷனும் மருத்துவ வசதிகளும் வேண்டும் என்று வீரர்கள் கேட்டார்கள். 1.1 கோடி டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

அதோடு விட்டாரா? ம்ஹூம். அன்றைக்கு ரோஸெல் விதி என்று ஒன்று இருந்தது. லீகின் கமிஷனர் பீட் ரோஸெல் பெயரில் வழங்கிய விதி. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு அணிக்குப் போனால், புது அணி பழைய அணிக்கு நஷ்ட ஈடு தரவேண்டும். என்ன நஷ்ட ஈடு என்பதைக் கமிஷனர் தீர்மானிப்பார். எந்த அணியாவது இந்த வம்பை விலைக்கு வாங்குமா? ஆக, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் கொத்தடிமைதான். மேக்கி கோர்ட்டுக்குப் போனார். 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது போட்டியை ஒடுக்கும் சட்டவிரோதமான ஏற்பாடு என்று சொல்லிவிட்டது. வழக்கின் பெயரே மேக்கி வழக்கு.

1972 அவருக்குக் கடைசி சீசன். 1978-லிருந்து புகழ் மண்டபத்துக்குத் தகுதி. வழக்கமான பட்டியலில் 15 வருட வாய்ப்பு. முதல் வருடம் இல்லை. இரண்டாவது வருடம் இல்லை. ஐந்து, பத்து, பதினான்கு, இல்லவே இல்லை. 1992-ல், கடைசி வாய்ப்பில், ஒருவழியாகத் தேர்வானார். சங்கம் நடத்தியதற்குத் தண்டனை இது என்று அன்றும் பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஓட்டுப் போட்டவர்கள் மனதை யார் திறந்து பார்ப்பது? மைதானத்தை மட்டும் பார் என்ற விதி சிம்ப்ஸனைக் காப்பாற்றியது, மேக்கியைப் பதினைந்து வருடம் காக்கவைத்தது என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

மறு வருடமே இன்னொரு வேடிக்கை. பின்னால் வந்த வழக்குகளும் சேர்ந்து நெருக்க, 1993-ல் லீகும் சங்கமும் புது ஒப்பந்தம் போட்டன. விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற சுதந்திரம் வந்தது. சம்பளம் ஏறியது. பென்ஷன், காப்பீடு, சேமிப்பு எல்லாம் ஏறின. யாருக்கு? அன்றிலிருந்து ஆடுகிறவர்களுக்கு. அதற்கு முன் ஆடி முடித்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். விதையைப் போட்ட மேக்கியும் அந்தப் பக்கம்தான்.

சங்கத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் ஜீன் அப்ஷா. அவரும் முன்னாள் வீரர், புகழ் மண்டபத்தில் இருப்பவர். ஓய்வு பெற்றவர்கள் முறையிட்டபோது, 2006-ல் பத்திரிகையிடமே பட்டென்று சொல்லிவிட்டார்: நான் அவர்களிடம் வேலை பார்க்கவில்லை, அவர்களால் என்னை நீக்கவும் முடியாது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் சட்டப்படி சரி. சங்கத்தில் ஓட்டு, இன்றைக்கு ஆடுகிறவனுக்கு மட்டும்தான். அவனுக்கோ சராசரி ஆட்டக்காலம் மூன்று சொச்சம் வருடம். கையில் வருகிற காசை, முகம் தெரியாத கிழவருக்கு விட்டுக்கொடு என்றால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? நாளைக்கு நாமும் அந்தக் கிழவர்தான் என்று 24 வயதில் யாருக்குத் தோன்றும்?

*

வெப்ஸ்டரிடம் திரும்புவோம். 1999-ல் ஒரு வக்கீலின் உதவியோடு, லீகின் ஓய்வூதிய வாரியத்தில் ஊனமுற்றோர் உதவிக்கு மனுப் போட்டார். அந்த வாரியத்தில் முதலாளிகள் தரப்பில் மூவர், சங்கத்தின் தரப்பில் மூவர். இவருக்கு முழு ஊனம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆட்டத்தில் தலையில் பட்ட அடிதான் காரணம் என்றும் தங்கள் கடிதத்திலேயே எழுதினார்கள். ஆனால் ஒரு கொக்கி. ஊனம் 1996-லிருந்துதான் என்று தேதி போட்டார்கள். ஓய்வு பெற்ற 1991-லிருந்தே என்றால் தொகை பல மடங்கு. 1996 என்றால் சொற்பம்.

அந்த ஐந்து வருடத்துக்காக வழக்கு நடந்தது. 2005-ல் ஃபெடரல் கோர்ட்டிலும், 2006 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் வெப்ஸ்டர் ஜெயித்தார். பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்பு. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 2002 செப்டம்பர் 24 அன்று, ஐம்பதாவது வயதில், மாரடைப்பில் இறந்துவிட்டார். பணம் குடும்பத்துக்குப் போனது.

பிட்ஸ்பர்க்கில் அவர் உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு என்ற இளம் டாக்டர். நைஜீரியாக்காரர். அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் அறியாதவர். புகழ் பெற்றவரின் தலை என்ற பிரமிப்பு இல்லாததாலோ என்னவோ, மூளையை எடுத்து ஆராயத் தோன்றியது. குத்துச் சண்டைக்காரர்களிடம் மட்டுமே பேசப்பட்டுவந்த சி.டி.இ. என்கிற மூளைச் சிதைவு நோய் அதில் இருந்தது. 2005-ல் மருத்துவ இதழில் எழுதினார். லீகின் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று இதழுக்குக் கடிதம் போட்டார்கள்.

2006-ல் இன்னொரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் சில்வியா மேக்கி. ஜான் மேக்கியின் மனைவி. கணவருக்கு மறதி நோய். மூளையின் முன்பக்கம் சிதைகிற வகை. பென்ஷன், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலருக்கும் குறைவு. மருத்துவக் காப்பீடு கிடைக்கவேண்டும் என்பதற்காக அந்த அம்மாள் 56-வது வயதில் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். கமிஷனர் பால் டாக்லியாபுக்கு எழுதிய கடிதத்தில், இந்த நோய் நோயாளியை மட்டுமல்ல, பார்த்துக்கொள்கிறவரையும் சேர்த்துக் கொல்கிறது என்பதை விவரித்திருந்தார்.

அந்தக் கடிதம் வேலை செய்தது. 2007-ல் முதலாளிகளும் சங்கமும் சேர்ந்து ஒரு நிதி தொடங்கினார்கள். மறதி நோய் வந்த முன்னாள் வீரர் காப்பகத்தில் இருந்தால் வருடத்துக்கு 88,000 டாலர் வரை. வீட்டில் வைத்துப் பார்த்தால் 50,000 டாலர் வரை. மேக்கியின் சட்டை எண்ணையே பெயராக வைத்தார்கள்: 88 திட்டம்.

இதில் ஒரு சூட்சுமம் கவனியுங்கள். நோய் ஆட்டத்தால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. நோய் இருந்தால் போதும். தாராளம்தான். ஆனால் அதனாலேயே, ஆமாம், ஆட்டத்தால்தான் வந்தது என்று லீகும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாமல் போனது.

பணம் கொடுக்க வைத்தது கோர்ட்டுதான். 2011-லிருந்து ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசம் ஏற்பட்டது. இதுவரை கொடுத்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதிலும் ஒரு அசிங்கம் நடந்தது. மூளைத் திறனைச் சோதிக்கும்போது, கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத் திறனே குறைவு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆகவே இழப்பும் குறைவு, நஷ்ட ஈடும் இல்லை. 2020-ல் இரண்டு கறுப்பின வீரர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், அந்தக் கணக்கைக் கைவிடுவதாக 2021-ல் லீக் அறிவித்தது.

ஒரு மரணத்தை மட்டும் சொல்லாமல் தாண்டமுடியவில்லை. டேவ் டுயர்சன். இரண்டு சூப்பர் பௌல் வென்றவர். மனு போடும் முன்னாள் வீரர்களுக்கு உதவி தரலாமா, கூடாதா என்று தீர்மானிக்கிற அந்த ஆறு பேர் வாரியத்தில் சங்கத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். 2007-ல் செனட் விசாரணையில், என் அப்பாவுக்கும் மறதி நோய் இருக்கிறது, அவர் தொழில்முறை விளையாட்டு எதுவும் ஆடியதே இல்லையே என்று வாதாடியவர். 2011 பிப்ரவரியில், ஐம்பதாவது வயதில், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். கொடுத்தார்கள். சி.டி.இ. இருந்தது.

*

2018 செப்டம்பர். புகழ் மண்டபத்தில் இருப்பவர்கள் சிலர் எரிக் டிக்கர்சன் தலைமையில் லீகுக்குக் கடிதம் எழுதினார்கள். மண்டபத்தில் இருக்கும் வீரர்கள் அத்தனை பேருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும். லீகின் வருமானத்தில் பங்காக வருடாந்தரச் சம்பளமும் வேண்டும். இல்லாவிட்டால் இனி விழாவுக்கு வரமாட்டோம். காப்பீட்டுக்கு ஆகிற செலவு, சூப்பர் பௌலில் ஒரு முப்பது விநாடி விளம்பரத்துக்கு ஆவதைவிடக் குறைவு என்று கணக்கும் காட்டியிருந்தார்கள். லீகின் ஆண்டு வருமானமோ 1,400 கோடி டாலருக்கு மேல்.

கடிதத்தில் பெயர் இருந்த ஜெர்ரி ரைஸும் கர்ட் வார்னரும், பகிஷ்கரிக்க நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லையே என்று விலகினார்கள். மற்ற முன்னாள் வீரர்கள் வேறொன்று கேட்டார்கள். காப்பீடு உங்களுக்கு மட்டுமா? உங்கள் பக்கத்தில் நின்று முட்டிக்கொண்ட எங்களுக்கு?

டிக்கர்சன் தரப்பிலும் நியாயம் உண்டு. லீக் விற்பது இவர்கள் முகத்தைத்தான். பழைய ஆட்டங்களின் படம், பொம்மை, சட்டை, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மண்டபம், எல்லாவற்றிலும் இவர்கள் பெயர் காசாகிறது. அந்தக் காசில் பங்கு கேட்பதில் தப்பே இல்லை. கொடுக்கவேண்டியதுதான்.

ஆனால் காப்பீடு என்பது பங்கு அல்ல, வைத்தியம். அதைச் சிலையோடு சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? ஐம்பது பத்திரிகைக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு, யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பார்கள். அந்த ஓட்டின் லட்சணத்தைத்தான் மேக்கி விஷயத்தில் பார்த்தோமே. கிரீன் பே அணியின் ஜெர்ரி கிரேமர், 1967 டிசம்பர் 31 அன்று உறைபனியில் நடந்த சரித்திரப் புகழ் பெற்ற ஆட்டத்தில், வெற்றிக்கு வழி திறந்த அந்தக் கடைசி முட்டு முட்டியவர். இறுதிச் சுற்று வரை பத்து முறை போய்த் திரும்பி வந்தார். 2018-ல் உள்ளே விட்டபோது அவருக்கு 82 வயது. மருந்துக்கு அத்தனை வருடம் காத்திருக்க முடியுமா? வெளியே காத்திருந்த அந்தக் காலத்திலேயே, நொடித்துப்போன முன்னாள் வீரர்களுக்காக ஓர் உதவி நிதி திரட்டிக்கொண்டிருந்தவர் இதே கிரேமர் என்பதையும் சொல்லவேண்டும்.

சரி, சிலை வேண்டாம், அடிபட்டதை நிரூபித்தால் தருகிறோம் என்ற வழி? அதில் போனவர்தான் வெப்ஸ்டர். ஐந்து வருடத் தேதிக்காக அவர் ஆயுளே முடிந்தது. புகழும் இருந்தது, வலியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தும் உரிய நேரத்தில் கதவு திறக்கவில்லை.

2020 மார்ச்சில் ஒரு சின்ன நகர்வு. புது ஒப்பந்தத்தில், 1993-க்கு முன் ஆடியவர்களின் பென்ஷன், ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் மாதம் 550 டாலர் என்று உயர்ந்தது. மூன்று சீசன் மட்டும் ஆடியதால் அதுவரை ஒன்றுமே பெறாத பழைய ஆட்களும் முதல்முறையாகப் பட்டியலில் சேர்ந்தார்கள். இன்று ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேறிய ஒப்பந்தம் இது. ஆதரவு 1,019. எதிர்ப்பு 959. எதிர்த்தவர்களுக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனாலும் கிழவர்களின் பென்ஷன் அன்றைக்கு வெறும் அறுபது ஓட்டு இடைவெளியில் தொங்கியது.

யாருக்குச் சிலை என்று நூறு வருடம் சண்டை போடட்டும். அது ரசிகர்களின் உரிமை, சுவாரசியமும் கூட. சிலை அபூர்வமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் வைத்தியம் அபூர்வமாக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைத்ததுதான் கோளாறு.

மேக்கிக்கு நோய் முற்றிய காலத்திலும் தன் மோதிரங்கள் மேல் உயிர். புகழ் மண்டப மோதிரத்தை அணி குடிபெயர்ந்துவிட்ட இண்டியனாபொலிஸில் வாங்கமாட்டேன், நான் ஆடிய பால்டிமோரில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியவர் அல்லவா? ஒருமுறை விமான நிலையச் சோதனையில் மோதிரங்களைக் கழற்றச் சொன்னார்கள். அவருக்கு எதற்கு என்று புரியவில்லை. தன் பொருளைப் பிடுங்க வருகிறார்கள் என்று எண்ணி, பழைய ஆட்டக்காரராகவே திமிறிக்கொண்டு ஓடினார். காவலர்கள் விழுத்தாட்டித்தான் பிடித்தார்கள்.

2011 ஜூலையில் காலமானார். அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்தது. 88 திட்டத்தின் பணம் அதன் பிறகும் எத்தனையோ வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் தங்கக் கோட்டும் இல்லை, மோதிரமும் இல்லை.